வீட்டுக்காரர் எப்ப வருவார்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நான் நல்லா இருக்கேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன் என்று வைத்துக்கொள். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. அப்பா போய் ஏழு மாசம் ஆகிறது, டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால் இன்னும் அவரைத்தான் கூப்பிடுகிறேன், கூப்பிட்டு முடித்த பிறகுதான் நானே போய் மோட்டாரை அணைக்கிறேன்.

நீ போனில் அனுப்பினதை மாடியில் குடியிருக்கிற நர்ஸ் பெண்தான் வாசித்துச் சொன்னது, அந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வாடகைக்கு விட வீடு வாங்கப் போகிறாய், வருகிற வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வேண்டும், அதற்குள் நாலு கேள்விக்குப் பதில் சொல்லு என்கிறாய். நாலாம் கிளாஸோடு நின்றவளிடம் கேட்கிறாயே என்று நர்ஸ் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாடகையில் கையில் என்ன நிற்கும் என்று கேட்டாய். நாம் இத்தனை வருஷமும் மாடி வாடகை முழுசும் மிச்சம் என்று சொல்லிக்கொண்டோம். மேலே பைப் ஒழுகினால் அப்பா ஏறுவார், சுவிட்ச் கெட்டால் அப்பா ஏறுவார், வெள்ளை அடிக்க வேலைக்கு லீவு போடுவார். அந்த மிச்சத்தில் பாதி அவர் முதுகொடிய உழைத்தது என்று அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போன மாசம் மேல் பாத்ரூம் தண்ணீர் கீழே கசிந்து, பிளம்பரைக் கூப்பிட்டேன். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க, அவர் சொன்னாத்தான் உடைப்பேன் என்றான். அவர் இல்லையே என்றேன். வெளிய போயிருக்காரா, எப்ப வருவாரு என்றான். வரமாட்டாரு என்றேன். ஏதோ புருஷன் பொண்டாட்டி சண்டை என்று நினைத்துக்கொண்டு, அப்ப போன் போட்டுக் குடுங்கம்மா, நான் பேசிக்கிறேன் என்கிறான். நர்ஸ் பெண் மேலேயிருந்து ஓடி வந்து, யோவ், இவங்கதான்யா வீட்டுக்காரங்க, இவங்ககிட்ட கேளு என்று சத்தம் போட்டது. முப்பத்தோரு வருஷம் நான் உங்க அப்பாவை வீட்டுக்காரர் வீட்டுக்காரர் என்று சொன்னவள், அன்றைக்கு அந்தப் பேர் என் தலையில் வந்து உட்கார்ந்தது. சரி உடை என்றேன். எந்த இடத்துல ஓனரம்மா என்றான். பைப் எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்கு மட்டும்தானே தெரியும். மூணு இடத்தில் உடைத்துத்தான் கண்டுபிடித்தான்.

வீடு காலியாகக் கிடந்தால் என்ன செய்வது என்றால், கிடக்கத்தான் செய்யும். நர்ஸ் பெண் வருமுன் பத்து வாரம் கிடந்தது. வீடு சும்மா கிடக்கும், பேங்க் கடன் சும்மா கிடக்காது. நாலு மாசம் வாடகை வராவிட்டாலும் உங்கள் சம்பளத்தில் தவணை கட்ட முடியும் என்றால் மட்டும் கடனுக்குக் கை நீட்டு. குடிவைக்கிற ஆள் விஷயத்தில், பேச்சைப் பார்த்து வீட்டை விடாதே. முன்பு மாடியில் குடியிருந்து அக்கா அக்கா என்று உருகிய வெள்ளைச்சட்டைக்காரர் போகும்போது ஃபேனைக் கழற்றிக்கொண்டு போனார், உனக்கு ஞாபகம் இருக்கும். வருகிற ஆள் இப்போது குடியிருக்கிற வீட்டில் விசாரிக்காதே, ஆள் கிளம்பினால் போதும் என்று அவங்க புகழ்ந்துதான் சொல்வாங்க, அதற்கு முந்தின வீட்டில் போய்க் கேள். சொந்தக்காரனாக இருந்தாலும் எழுதி வாங்கு.

நீ சொன்னபடி நேற்று புரோக்கரோடு போய் அந்த வீட்டைப் பார்த்தேன். மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை. வெளிச்சம் நன்றாக வருகிறது, சமையலறை சின்னது, பாத்ரூம் சுவரில் கை வைத்தால் புதுப் பெயிண்டுக்கு அடியில் ஈரம். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு புரோக்கர், மாசாமாசம் நீங்கதான வந்து பாத்துக்கப் போறீங்க, உங்க பொண்ணு சொல்லிட்டாங்களே, அப்புறம் என்னம்மா யோசனை என்றார். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். முட்டிவலி என்று அவரிடம் சொன்னேன்.

என்னிடம் நாலு கேள்வி கேட்டாய், இதைக் கேட்கவில்லையே பாப்பா. அம்மாவுக்கும் பொழுது போகும் என்று நல்லதாகத்தான் நினைத்திருப்பாய். எனக்குப் பொழுது போக வேண்டாம், கொஞ்ச நாள் அது பாட்டுக்குக் கிடக்கட்டும். இந்த ஒரு வீட்டுக்கே நான் பத்தவில்லை. இன்னொரு வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு மூணு மாடி ஏறி, வாடகை எப்ப, தண்ணி ஏன் வரலை என்று நிற்க என்னால் முடியாது. உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை, அலுத்துப்போய்விட்டேன். அந்த வீட்டை வாங்குவதும் விடுவதும் நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யுங்கள், ஆனால் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைக் கூலிக்கு வைத்து அதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். என்னை நம்பி வாங்காதே.

பிள்ளைக்கு இருமல் விட்டதா என்று எழுது. மூணு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. லீவு கிடைத்தால் பத்து நாள் வந்து என்னோடு இரு, வீடு பார்க்க என்று வராதே. வெள்ளிக்கிழமைக்குள் புரோக்கருக்கு நீயே போன் பண்ணிவிடு. இதை உனக்கு எழுதுவதற்கே எனக்கு ரெண்டு நாள் ஆயிற்று, அவரிடமும் சொல்ல என்னால் ஆகாது.

இப்படிக்கு,
உன் அம்மா