தனியாக நின்ற புல்

12.4.2006, புதன்

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. அந்தக் குருவி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

பட்டாசு அறைகளைச் சுற்றிக் காய்ந்த புல் இருக்கக் கூடாது. ஒரு பொறி விழுந்தால் யாரும் தப்ப முடியாது. புது அறைகள் கட்ட முதலாளி ஆமத்தூர்ப் பக்கம் வாங்கிய புல்வெளியைச் செதுக்க, இன்று ஆட்களோடு நான்தான் போனேன். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் வந்துவிட்டன. மிச்சமிருந்த புல்வெளி அது ஒன்றுதான்.

செதுக்கிக்கொண்டிருந்த சீனியம்மாள் மண்வெட்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, இங்கன வானம்பாடிக் கூடு இருக்கு. குஞ்சு கெடக்கு, பாருங்க."

புல்லடியில் மூன்று குஞ்சுகள். என் நிழல் பட்டதும் தாய் வந்துவிட்டதென்று வாயைத் திறந்தன.

"அந்தப் புல்ல மட்டும் விட்டுரு" என்றேன். பெரிய தர்மம் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு.

மதியத்துக்குள் மற்றதெல்லாம் வழித்தாயிற்று. வெறும் மண்ணில் அந்த ஒரு பிடிப் புல் மட்டும் நின்றது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால், அதைச் சுற்றிக் காகங்கள். ஓடிப்போய் விரட்டினேன். கூட்டில் ஒன்றும் இல்லை.

"அம்புட்டுப் புல்லுக்குள்ள கெடந்திருந்தா காக்காவுக்குத் தெரிஞ்சிருக்குமா அண்ணாச்சி" என்றாள் சீனியம்மாள்.

சாயங்காலம் வேன் ஏறும்போது தாய்க்குருவி வந்தது. அலகில் வெட்டுக்கிளி. கூட்டுக்குப் போனது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது. வெட்டுக்கிளியை மட்டும் விழுங்கவேயில்லை.

நாளை அந்தப் புல்லையும் எடுத்தாக வேண்டும். சீனியம்மாளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. நானே செதுக்கிவிடுகிறேன். அப்போதும் அது இரையோடு வந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.