மஞ்சள் முதுகுத் தேனீ

12-2-1995

காலையில் ஊற்றுக்கரையில் ஒரு தேனீ தண்ணீர் குடித்தது. சிறியது, வயிற்றில் கோடு. பெட்டியில் வளர்க்கிற சாதிதான். என் கண்ணுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

வெள்ளக்கடைப் பக்கம் எல்லோர் பெட்டியும் செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. புழுக்கள் நீர் கோத்த பை போல ஊதி, அடையிலேயே அழுகிப்போயின. தேனீ வளர்ப்போர் சங்கத்து ஆள் வந்து பெட்டிகளைக் கொளுத்தச் சொன்னார். நான் ஒன்றை மட்டும் தரவில்லை. கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவைத்தேன். "இனி இந்த மலையில அந்தச் சாதி இல்லீங்கம்மா" என்றார். மலை முழுக்க நடந்து பார்த்தாரா?

இன்று தண்ணீர் குடித்தது எங்கிருந்து வந்தது?

13-2

இன்று நான்கைந்து வந்தன. மருமகள் கண்ணாயி குடத்தோடு வந்து நின்றாள். "ஏனுங்கத்தை, ஈ பாக்கவா காலங்காத்தால வந்து குந்தியிருக்கீங்க?"

"ஈ இல்ல கண்ணு, தேனி."

"சோறு அது வந்து ஆக்குமா?"

வாய் நீளம்தான். ஆனால் அவளும் குடத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

15-2

பெட்டி வளர்ப்பை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எழுத்தையே பொட்டலத் தாளில் கற்றவள் நான். இதையும் நானே யோசித்தேன். ஈர்க்குச்சி நுனியில் மஞ்சள்தூளைக் குழைத்து, குடித்துக்கொண்டிருந்த ஒன்றின் முதுகில் தொட்டேன். அது இரண்டு வட்டம் அடித்து நேராகக் கிழக்கே போனது. அதே மஞ்சள் முதுகு திரும்பி வந்தபோது நான் வாயில் போட்ட வெற்றிலைகூட முடியவில்லை. அப்படியானால் கூடு பக்கத்தில்தான்!

20-2

கிழக்கே போனால் எஸ்டேட் வேலி. சுற்றிக்கொண்டு அந்தப்புறம் போய், மரப்பொந்து, பாறை இடுக்கு எல்லாம் பார்த்தேன். இல்லை.

எஸ்டேட் கேட்டுக்குள் மட்டும் கால் வைக்கமாட்டேன். பங்களாவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காலத்தில் முதலாளியின் கைக்கடிகாரம் காணாமல் போனது. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் லாசர் எல்லோர் முன்னாலும் என் முந்தானையை உதறச் சொன்னார். மறுநாள் அது காரிலேயே கிடைத்ததாம். என்னிடம் வந்து ஒருவரும் சொல்லவில்லை. நானாகக் கேள்விப்பட்டேன்.

3-3

சேர்வராயன் கோயில் பாறைகள் வரை ஏறிப் பார்த்துவிட்டேன். முழங்கால் வீங்கிவிட்டது. மகன் மாதேஸ்வரன் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டான்: "ஏம்மா, வெத்தல மெல்லறதுக்குள்ள வந்துருதுன்னு நீதான சொன்னே? அப்புறம் கோயில் வரைக்கும் எதுக்குப் போனே?"

திட்டினேன். சரியாகக் கேட்டுவிட்டானே என்ற கோபம்.

4-3

தேனீ வேலிக்கு மேலே பறந்து போகிறது. நான்தான் சுற்றிப் போகிறேன்.

9-3

கண்ணாயி எஸ்டேட் வேலையிலிருந்து ஓடிவந்தாள். பங்களா புகைபோக்கிக்குள் தேனீயாம். "ஞாயித்துக்கெழம விருந்தாளுக வர்றாங்களாம் அத்தை. அதுக்குள்ள கீழ தீ மூட்டி முடுக்கிவுடச் சொல்லியிருக்காங்க."

10-3

போகணுமா? அந்தாளு மூஞ்சில முழிக்கணுமா? கை நீட்டிக் கேக்கணுமா நானு?

போனாலும் என்ன நிச்சயம்? அதுவும் நோய்க் கூட்டமாக இருந்தால்? தேய்த்துக் கழுவிய பெட்டியில் நோய் ஒட்டியிருந்தால்? தெரியாது. ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்றரை வருஷம் கழித்து அது உயிரோடு தண்ணீர் குடிக்க வந்ததே. எப்படித் தப்பியது என்று தெரியாமலே நான் சாகவேண்டுமா?

சாமியிடம் பூ கேட்டுவிட்டுப் போகலாம் என்றாள் கண்ணாயி. வேண்டாம் என்றேன். வெள்ளைப் பூ வந்தாலும் சிவப்பு வந்தாலும் போகத்தான் போகிறேன். சாமியை எதற்குச் சங்கடத்தில் விடுவது? கூட வந்தால் போதும்.

11-3

போனேன். கழுவி வைத்த பெட்டியையும் தூக்கிக்கொண்டு.

லாசருக்கும் தலை நரைத்துவிட்டது. கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார். "பாவாயியா? இன்னும் கோவமாத்தான் இருக்கியா?"

"ஆமாங்க. தேனிக்காக வந்தேன். உங்களுக்காக இல்லீங்க."

"கொட்டுமே?"

"யாரக் கொட்டறதுன்னு அதுக்குத் தெரியுமுங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் கணப்புக்குள் தலையை விட்டு மேலே பார்த்தேன். கைக்கு எட்டும் உயரத்தில் அடைகள்! புழுக்கள் வெள்ளையாக, ஈரமாக, சுருண்டு கிடந்தன. அழவா சிரிக்கவா என்று தெரியவில்லை. அடைகளை அறுத்து வாழைநாரால் பெட்டிச் சட்டத்தில் கட்டினேன். ராணியைத் தீப்பெட்டிக்குள் பிடித்துப் பெட்டியில் விட்டதும் மற்றவை தாமாகவே இறங்கின. டார்ச் பிடித்த லாசருக்குக் காதில் ஒரு கொட்டு. எனக்குச் சந்தோஷம்தான். மறைக்கமாட்டேன்.

தூக்கும்போதுதான் உறைத்தது. என் வீடு இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே கொண்டுபோனால் மேயப் போகிறதெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பி, கூடில்லாமல் சாகும். பெட்டி பங்களாச் சுவரோரம்தான் இருந்தாகவேண்டும்.

"அப்ப தெனமும் வருவியா?" என்றார் லாசர்.

"வராம?"

புகைபோக்கி வாயைச் சாக்கால் அடைத்துவிட்டு வந்தேன். தீ மூட்டவில்லை.

19-3

ஒரு புழு ஊதிக் கிடந்தது. நீர் கோத்த பை. குச்சியால் எடுத்துத் தூரக் கொண்டுபோய்ப் புதைத்தேன். சங்கத்துக்குச் சொன்னால் கொளுத்தச் சொல்வார்கள். சொல்லவில்லை. தப்பா? சேர்வராயா, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. நானும் பார்க்கிறேன், நீயும் பார்.

20-3

இன்னும் இரண்டு.

24-3

தேனீக்களே ஊதின புழுவை இழுத்து வெளியே போடுகின்றன! சுவரோரம் உட்கார்ந்து மதியம் வரை பார்த்தேன். என் பழைய கூட்டங்கள் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. இவை எங்கே கற்றன? தப்பிப் பிழைத்ததற்கு இதுதான் காரணமா?

2-4

மழை பெய்து காப்பி பூத்துவிட்டது. மலையே வெள்ளை. பெட்டி வாசலில் சந்தைக்கடை போல இரைச்சல்.

23-4

அடை முழுக்க நல்ல புழு. ஊதினது ஒன்றுகூட இல்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த லாசர் தொண்டையைச் செருமினார். "பாவாயி, அன்னிக்கு நானு…"

"ஆட்டாமப் புடிங்க ரைட்டரே. ராணி இதுலதான் இருக்குது."

பிடித்தார். மூடிய பிறகு, பெட்டியை எப்போது எடுத்துப் போவேன் என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன்.

கூட்டம் பெருத்துவிட்டது, பிரிக்கவேண்டும். இரண்டாவது பெட்டிக்குப் பலகை அறுக்க மாதேஸ்வரனிடம் சொல்லியிருக்கிறேன். அதையும் அந்தச் சுவரோரமே வைக்கலாம். காலை வெயில் அங்கே நன்றாக விழுகிறது.