பாய் எடுக்கச் சொன்ன புரோகிராம்

12-11-2005, சனி

அடிவாரத்துக் காரவள்ளிக்குப் பஸ்ஸில் இறங்கி, மறுபடி மலையேறி வந்ததில் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

அங்கே மிளகு வியாபாரி பாய் வீட்டில் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறதாம். வேண்டாத புரோகிராம்களை வேரோடு எடுக்கும் சாஃப்ட்வேரைச் சிடியில் கொண்டுபோய்ப் போட்டேன். விளையாட்டுகள், எப்படியோ வந்து ஏறிக்கொண்ட விளம்பரக் குப்பைகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாய், இன்டர்நெட்டில் பேசுகிற புரோகிராமைக் காட்டி, "அதையும் எடுத்துடுங்க தம்பி" என்றார்.

கதவருகே நின்ற அவர் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு துபாய் போனதிலிருந்து பாய் அவளோடு பேசுவதில்லை. அவர் கடைக்குப் போன பிறகு அந்த அக்கா மட்டும் அவருக்குத் தெரியாமல் அதில் மகளோடு பேசுவார். அதை ஏற்றிக் கொடுத்ததே நான்தான்.

"அது விண்டோஸோட ஒட்டினதுங்க பாய். எடுத்தா மெஷினே படுத்துரும்" என்று பொய் சொன்னேன்.

பாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படீன்னா கெடக்கட்டுங்க" என்றார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க தம்பி, அதுல மொகமும் தெரியுங்களா?" என்று கேட்டார்.

"கேமரா வெச்சாத் தெரியுமுங்க."

தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். இதை அக்காவிடம் சொல்லலாமா, அவரே சொல்லட்டும் என்று விடலாமா, தெரியவில்லை. கண் சொக்குகிறது.