அறுபத்தொரு சதவீதத்தில் நின்றவனுக்கு

என் அருமைப் பங்காளி எட்வினுக்கு,

எனக்கு மகள் பிறந்திருக்கிறாள். இதை முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வந்து சொன்னதும் கை தானாக ஃபோனை எடுத்து உன் பெயரைத் தேடிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. யாருக்கும் ஃபோன் பண்ணாமல் அப்படியே நின்றிருந்தேன். மாமனார் வந்து, "என்ன மாப்பிள்ளை, பொம்பளப் புள்ளன்னு யோசிக்கிறீகளோ?" என்று கேட்டார்.

பெயர் யாழினி. முகம் அவள் அம்மா தீபாவை உரித்து வைத்தது. காது மட்டும் என்னுடையது. நீ இருந்தால் அந்தக் காதைப் பார்த்துவிட்டு, "பாவம்லே அந்தப் புள்ள" என்றிருப்பாய்.

தலைப்பிரசவம் ஆச்சே, தீபாவும் பிள்ளையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள். நான் இராஜபாளையத்தில் தனிக்காட்டு ராஜா. அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் அண்ணனோடு. பக்கத்து ஊர்தானே, நினைத்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று ஊரே சொல்கிறது. மில்லில் எல்லா கம்ப்யூட்டரையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அந்த வேலை முழுக்க என் தலையில். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் ஞாயிறு சாயங்காலம் திரும்ப வேண்டும். பக்கத்து ஊரில் இருக்கிற பிள்ளையை வாரம் முழுக்கப் பார்க்க முடியாமல் இருப்பது இன்னும் கடுப்பு.

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தொட்டிலுக்குக் கொக்கி மாட்டிவிட்டேன். கம்பி தாங்குமா என்று அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பரிசோதித்தேன். சிரிக்காதே, நீயாக இருந்தால் சென்சார் வைத்திருப்பாய். ஹெட்ஃபோனில் நீ சர்ச்சில் கீபோர்டு வாசித்த பதிவுகளைப் போடுவேன். வாசிப்பதற்கு முன்னால் நீ தொண்டையைச் செருமுகிற இடம் வரும். அதற்கு மேல் கேட்க முடியாமல் நிறுத்திவிடுவேன்.

வலைப்பூவிலும் எழுதுவதில்லை. எழுதி யாருக்கு? கீழே வந்து 'மூன்றாவது பத்தி தேவையா பங்காளி?' என்று கேட்க ஒருவன்தான் இருந்தான். உன்னைத் தவிர அதைப் படித்தது தேடுபொறியின் ரோபோ மட்டும்தான். நீ போன பிறகு அங்கே எழுதுகிற முதல் பதிவு இது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் கூத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் படித்த காலத்திலிருந்து நாம் இரண்டு பேரும் ஒரே மின்புத்தகக் கணக்கில் படித்து வந்தோம். படிக்கிற கருவிகள் இரண்டு, கணக்கு ஒன்று. இதில் ஒரு வினை உண்டு. அந்தக் கணக்குக்கு நாம் இரண்டு ஆள் என்று தெரியாது. யார் முன்னால் படித்துப் போகிறார்களோ அந்தப் பக்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் மெதுவாகப் படிக்கிறவன். என் கருவியைத் திறந்தால் போதும், 'இன்னொரு கருவியில் இந்த இடம் வரை படித்திருக்கிறீர்கள், அங்கே போகவா?' என்று கேட்கும். தெரியாத்தனமாக 'சரி' என்று அழுத்தி, கொலைகாரன் பிடிபடுகிற பக்கத்தில் போய் எத்தனை தடவை விழுந்திருக்கிறேன்! ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாமே என்று தீபா கல்யாணமான புதிதில் கேட்டாள். அது நம் இரண்டு பேருக்கும் அதுவரை தோன்றவே இல்லை. இரண்டு பேரும் இன்ஜினியர்.

போன புரட்டாசியில் நீ கீபோர்டு முன்னால் உட்கார்ந்த நிலையிலேயே சரிந்துவிட்டாய். மாரடைப்பு என்றார்கள். உன் வயசுக்கு அது என்ன வியாதிடா? அப்போது நாம் அந்தத் தடித்த கப்பல் நாவலில் இருந்தோம். நீ அறுபத்தொரு சதவீதம், நான் நாற்பது.

காரியமெல்லாம் முடிந்து நாவலைத் திறந்தபோது அதே கேள்வி வந்தது. அறுபத்தொன்றுக்குப் போகவா? நான் 'வேண்டாம்' என்று அழுத்தினேன். மறுநாள் திறந்தேன், மறுபடியும் கேட்டது. அதற்குப் பிறகு படிப்பதற்காக என்பதைவிட, அந்தக் கேள்வியைப் பார்ப்பதற்காகத்தான் திறந்தேன். நான் படித்து அறுபத்தொன்றைத் தாண்டிவிட்டால் அது கேட்பதை நிறுத்திவிடும். இந்த உலகத்தில் நீ எனக்கு முன்னால் போய்க் காத்திருக்கிற இடம் அது ஒன்றுதான். அதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து ஐம்பத்தெட்டு வரை வந்து நின்றுகொண்டேன்.

பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம், டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து திறக்கிறேன். அறுபத்திரண்டுக்குப் போகவா என்று கேட்கிறது.

டீயைக் கீழே வைத்தேன். அணைத்துப் போட்டேன். அறுபத்திரண்டுதான். என் கருவி போகவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். யாராவது கடவுச்சொல்லைத் திருடிவிட்டார்களா? கம்பெனிக்காரன் கணக்கில் கோளாறா? வேறு எவனுக்காவது இப்படி நடந்திருந்தால் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பேன். அதுதானே என் பிழைப்பு. ஆனால் நான் ஒன்றுமே தேடவில்லை பங்காளி. தேடினால் கிடைத்துவிடும் என்று பயமாக இருந்தது.

வாரக் கடைசியில் அறுபத்து நாலு. அடுத்த வாரம் அறுபத்தேழு. நீ உயிரோடு இருந்தபோதுகூட இவ்வளவு ஒழுங்காகப் படித்ததில்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, உனக்குத் தெரியும். ஆனாலும் மில்லிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். நகர்ந்திருந்தால் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கும். தீபாவிடம் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளிடம் போய், எட்வின் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான் என்றா சொல்வது?

இதற்கு நடுவில் யாழினிக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை. வாரத்துக்கு ஒருநாள் வருகிற மீசைக்காரனை அவளுக்கு எப்படித் தெரியும்? தூக்கினால் வீல் என்று கத்துகிறாள். "நீங்க ஒரு தாலாட்டுப் பாடி அனுப்புங்க, கொரலாவது பழகட்டும்" என்று தீபா சொன்னாள். பாடி அனுப்பினேன். அதைக் கேட்டு இன்னும் அழுதாளாம். என் குரலைப் பற்றி நீ சொன்னதெல்லாம் உண்மைதான்.

பாட்டு வேண்டாம், எதையாவது வாசித்து அனுப்பலாம் என்று நினைத்தேன். கையில் இருந்தது மில்லுக்கு வந்த புது பிரிண்டரின் கையேடு. காகிதம் சிக்கிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்கிற பகுதியைக் குரல் பதிவாக அனுப்பினேன். பிள்ளை கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டதாம்! அதிலிருந்து தினமும் ஒரு பகுதி. மை மாற்றுவது, கம்பியில்லா இணைப்பு என்று போய்க்கொண்டே இருந்தது.

ஆனால் நேரில் போய் அதையே வாசித்தால் அழுகை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு சனிக்கிழமை மாமியார் பதிவைப் போட்டுக் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய ஃபோனில் வேகம் ஒன்றரை மடங்கில் இருந்தது. எப்போது விரல் பட்டதோ தெரியாது.

"நீங்க எப்பமும் இப்பிடித்தான் படபடன்னு பேசுவீகன்னுல்லா நெனச்சேன் மாப்பிள்ளை" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமியாரிடம் நான் பேசியது அவ்வளவுதான், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மூச்சுப் பிடித்துக்கொண்டு படபடவென்று வாசித்தேன். யாழினி அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பார்க்க முடியாமல் போய்விட்டாயே பாவி.

வீட்டை விட்டுப் பிள்ளையை வெளியே எடுக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னதும், "முதல்ல எட்வின் அண்ணன் வீட்டுக்குப் போவோம், அவிய அம்மா கையில குடுக்கணும்" என்று தீபா சொன்னாள். மாதம் ஒருமுறை நான் உன் வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். உன் அம்மா ஹாலில் உட்கார வைத்து டீ கொடுப்பார். உன் அறை பூட்டியே இருக்கும், நானும் கேட்கமாட்டேன்.

அன்றைக்கு அறை திறந்திருந்தது. அம்மா பிள்ளையை வாங்கி நெற்றியில் சிலுவை போட்டு ஜெபம் பண்ணினார். அப்புறம் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். "ரொம்ப நாளா தெறக்கவே மனசு வரலலே சரவணா. இப்பத்தான் கொஞ்ச நாளா தெறந்து பெருக்குதேன்" என்றார்.

உன் கீபோர்டு, அதன் மேல் தாங்கி, தாங்கியில் உன் கருவி. சார்ஜர் மாட்டியபடியே இருந்தது. வாசிக்கும்போது பாட்டுக் குறிப்பு மறைந்துவிடக் கூடாது என்று அது அணையாதபடி நீ மாற்றி வைத்திருந்தாயே, அப்படியே எழுத்து தெரிந்துகொண்டிருந்தது. ஸ்வரக் குறிப்பு அல்ல, நம் கப்பல் நாவல்.

அம்மா பேசிக்கொண்டே முந்தானையால் கீபோர்டைத் துடைத்தார். பிறகு கருவியை, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக அழுத்தி ஒரு இழுப்பு.

பக்கம் திரும்பியது.

அம்மா அதைக் கவனிக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அவருக்கு அது வெறும் வெளிச்சம். "அவன் படிச்சிட்டு வச்ச பக்கத்த நான் மூடவே இல்ல. எடுக்கக்கூட இல்ல பாத்துக்கோ. தூசி மட்டும் காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க தொடைப்பேன்" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. நீ இல்லை என்பதை இரண்டாம் தடவை யாரோ வந்து சொன்ன மாதிரி இருந்தது. முதல் தடவை சொன்னபோது சுற்றிலும் ஆள் இருந்தது. இந்தத் தடவை யாரிடமும் சொல்ல முடியாது. உன் அப்பாவுக்கு ஃபோனில் படம் பார்க்க நெட் வேண்டும் என்று உன் வீட்டு இணைப்பை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள், அதனால் அம்மா துடைக்கத் துடைக்க என் வீட்டில் எண் ஏறியிருக்கிறது. விஷயம் அவ்வளவுதான்.

"என்னலே, ஒரு மாதிரி இருக்க?" என்றார் அம்மா. "ஒண்ணுமில்லம்மா" என்றேன். அவர் பிள்ளையோடு உன் கட்டிலில் உட்கார்ந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "எனக்கு ஒரு ஆச. அவன் கடைசியா படிச்சத வாசிச்சுக் காட்டுதியா?" என்று கேட்டார்.

கருவியைக் கையில் எடுத்தேன். எழுபத்தொன்றில் இருந்தது. பக்கம் நகர்ந்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பூப்போல வைத்திருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம், நீங்கள்தான் தள்ளிவிட்டீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? அறுபத்தொன்றுக்குத் திருப்பினேன். உன் கடைசி அடிக்கோடு அங்கே இருந்தது. கடலைப் பற்றி இருக்குமோ, மரணத்தைப் பற்றி இருக்குமோ என்று பயந்தேன்.

கப்பலில் உப்பு தீர்ந்துபோகிறது. யார் திருடினார்கள் என்று சமையல்காரன் ஒவ்வொருவன் வாயாக முகர்ந்து பார்க்கிறான். நீ கோடு போட்டது அதற்குத்தான்.

யாழினி சிணுங்க ஆரம்பித்ததால் படபடவென்று வாசித்தேன். அவள் சத்தம் அடங்கியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். பக்கம் முடிந்தது, நிறுத்தினேன்.

"இம்புட்டுதானா? சோத்துச் சண்டையவா படிச்சிட்டு இருந்தான்?" என்று அம்மா சிரித்தார், சிரிப்போடேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மூடப் போனேன். "ஏலே, நில்லு" என்றார். "பொறவு உப்பு கெடச்சிச்சா?"

எனக்குத் தெரியாது பங்காளி. உனக்கும் தெரியாது. அடுத்த பக்கத்தை நாம் இரண்டு பேருமே படித்ததில்லை. இத்தனை மாதம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றவன் நான். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பினேன்.

அன்றைக்கு அத்தியாயம் முடிகிறவரை வாசித்தேன். உப்பு கிடைக்கவில்லை.

நேற்று இராஜபாளையத்துக்கு வந்து என் கருவியைத் திறந்தேன். எழுபத்தொன்றுக்குப் போகவா என்று கேட்டது. அது நீ இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் செத்த நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு கம்மென்று இருந்தது. அடுத்த மாதம் தீபாவும் பிள்ளையும் வந்துவிடுவார்கள், தொட்டில் ஆடும், சத்தம் வந்துவிடும். உன் சத்தம் மட்டும் எந்த மாதமும் வரப்போவதில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பக்கம் நகராதபடி அந்தத் திரையைப் பூட்ட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது, ஆனால் பூட்டமாட்டேன். அம்மா காலையும் சாயங்காலமும் துடைக்கட்டும். எவ்வளவு தூரம் தள்ளிவிட்டாலும் சரி, சனிக்கிழமை நான் பிள்ளையோடு வந்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து அவருக்கு வாசிப்பேன். கதை முடிந்துபோனால் இன்னொன்றைத் திறந்து அதே தாங்கியில் வைப்பேன். எதைத் திறக்கலாம் என்று கேட்கத்தான் எனக்கு ஆள் இல்லை.

இப்படிக்கு,
உன் பங்காளி சரவணன்,
நீ பெரியப்பாவாக இருந்திருக்க வேண்டிய யாழினியின் அப்பா