துவக்குக் கடைக்காரரும் அண்ணையும்

9.11.09 திங்கள்
விடியத் தொடங்கின மழை, இன்னும் விடேல்லை. சின்னவளுக்கு இருமல். ஹீற்றர் முழுக்க அவளின்ர சொக்ஸ்.

அமெரிக்காவில இருந்து அண்ணி போன் எடுத்தா. அண்ணையின்ர வலக்கை இனி வேலைக்கு உதவாதாம். வேலை செய்த பெற்றோல் ஸ்டேஷனில அவரைச் சுட்டவன் பிடிபட்டு மறியலில. அவன் சுட்ட துவக்கை வித்தது பக்கத்துக் கடை, அது வழமைபோலத் திறந்திருக்காம். வழக்குப் போடக் கேட்டால் வக்கீல் பின்னடிக்கிறாராம். துவக்குச் செய்யிறவை, விக்கிறவை மேல வழக்குப் போடேலாதபடி அங்க சட்டமாம்.

நெட்டில வாசிச்சன். உண்மைதான். ஒரு ஓட்டை இருக்கு: இன்னொருத்தனுக்காக வாங்குகினம் எண்டு தெரிஞ்சும் வித்திருந்தால் போடலாம்.

10.11.09 செவ்வாய்
வாங்க: பால், சின்னவளுக்குக் கட்ட நப்பி, வெங்காயம்.

இவர் தன்ர கடையால வந்து சாப்பிடேக்க விசயத்தைச் சொன்னன்.

"வித்தவன் என்ன செய்யிறது? நான் வித்த கத்தியால ஆரும் குத்தினால் என்னையும் கோட்டுக்கு இழுப்பியோ?"

"சின்னப் பெடியனெண்டு தெரிஞ்சும் வித்தால், ஓம்."

"நல்ல மனுசி வாய்ச்சிருக்கு எனக்கு."

சிரிச்சார். எனக்கு வரேல்லை. ஐடி கேக்காமல் இவர் விக்கமாட்டார், தெரியும். பிறகேன் அப்பிடிச் சொன்னன்?

12.11.09 வியாழன்
பின்னேரம் வக்கீலின்ர போன், அண்ணையும் லைனில. அண்ணைக்குக் கடை இங்கிலிஷ் வரும், வக்கீல் இங்கிலிஷ் வராது. அகதியெண்டு போட்ட அசைலம் கேஸ் தொட்டு எல்லாத்துக்கும் நான்தான் மொழிபெயர்ப்பு. சின்னவள் மடியில.

துவக்கு ஆருக்கெண்டு கடைக்காரருக்குத் தெரியுமோ எண்டு வக்கீல் கேட்டார். தமிழில சொன்னன்.

"தெரியும் பிள்ளை. சுட்ட பெடியன்ர பெட்டைதான் வாங்கினவள், அவன் வெளியில காருக்குள்ள. கோப்பி குடிக்கேக்க அந்தக் கடைக்கார மனுசனே சொல்லிச் சிரிச்சது. இதை வக்கீலுக்குச் சொல்லாதை."

"ஏன் அண்ணை?"

"என்ர அசைலம் கேசுக்கு நல்லவனெண்டு கடிதம் தந்தது ஆர்? ஆஸ்பத்திரிக்கு நெடுக சூப் கொண்டு வந்தது ஆர்? அந்தாள்தானே. தெரியாதெண்டு சொல்லு."

"உங்கட கையெல்லோ போனது."

"என்ர கைதானே. சொல்லு."

இவ்வளவு நேரம் கதைச்சார், என்ன சொல்றார் எண்டு வக்கீல்.

சொன்னன். ஒண்டும் விடாமல். சொல்லாதை எண்டதையும் சேர்த்து.

அந்தளவு இங்கிலிஷ் அண்ணைக்கு விளங்கும். அவரின்ர பக்கம் லைன் கட்.

வக்கீலுக்குச் சந்தோசம். ஆனால் கோட்டில அண்ணையே தன்ர வாயால சொல்லோணுமாம்.

சின்னவள் நித்திரை, எனக்கு இல்லை.

13.11.09 வெள்ளி
மழை விட்டிட்டுது. அண்ணை போன் எடுக்கிறாரில்லை. கடைசியா அண்ணி எடுத்தா.

"அவர் துவக்குக் கடைக்குப் போயிட்டார்."

"என்னத்துக்கு அண்ணி?"

"என்ர தங்கச்சி உன்னைக் காட்டிக் குடுத்திட்டாள் எண்டு அந்தாளிட்டச் சொல்ல."

"நீங்கள் மறிக்கேல்லையோ?"

"ஒரு கையால சப்பாத்து லேஸ் கட்டேலாமல் நெடுநேரம் இருந்தவர். நான் கட்டிவிடேல்லை. அவ்வளவுதான் என்னால ஏலுமாயிருந்தது."