நான் சொல்லாமல் விட்ட வரி

1.2.2003
ஃபிலிம் சொசைட்டியில் இன்று முதல் ஸ்வீடன் படங்கள். எல்லாம் இளம் இயக்குநர்கள். இன்றைய படத்தில் மூடப்போகும் ஆலையின் தொழிலாளர்கள். பாட்டில்லை, உருக்கமான இசையில்லை. சாப்பாட்டு மேசையில் பேச்சற்று உட்கார்ந்திருக்கிறார்கள். கேமராவும் கூடவே உட்கார்ந்திருக்கிறது. வகுப்பில் ஒரு குறையுமில்லாத நாட்டுக்கு நான் காட்டிய உதாரணம் ஸ்வீடன்!

2.2.2003
நாளைய படம் புருஷனிடம் அடிபடும் பெண்ணைப் பற்றி. பின்வீட்டு உலகம்மையை அழைத்துப்போகிறேன். கட்டட வேலையில் சாந்து சுமப்பவள். போன வாரமும் புருஷன் லிங்கம் அவள் உதட்டைக் கிழித்தான். அவனை விட்டுப் போ என்ற என் புத்திமதி ஏறவில்லை. கண்ணால் பார்த்தால் ஏறும்.

3.2.2003
திரையின் கீழே ஓடிய ஆங்கில வரிகளை அவள் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.
"வெள்ளைக்காரிக்கும் அடி உண்டா டீச்சரே? நமக்கு மட்டும்னுல்லா நினைச்சேன்!" என்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
கடைசியில் போலீசே அந்தப் பெண்ணையும் குழந்தையையும் ஒரு காப்பகத்தில் கொண்டுவிடுகிறது. அங்கிருப்பவள் சொல்கிறாள்: "மூன்று இரவு மட்டும். பிறகு இடமில்லை." கதவு மூடுகிறது. அவ்வளவுதான் படம்.
"அவ என்ன சொல்லுகா டீச்சரே?"
"இனிமே இதுதான் உன் வீடுன்னு சொல்றா."
அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எப்படிச் சொல்வேன்?

19.2.2003
அடுத்த வீட்டு சரசம்மா சொல்லித்தான் தெரியும். நேற்று உலகம்மை மகளைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போலீஸ் ஸ்டேஷன் போயிருக்கிறாள். "எனக்கு ஒரு வீடு தரணும்" என்று கேட்டாளாம். சிரித்தார்களாம். லிங்கத்தை வரவழைத்து, சமாதானமாகப் போங்கள் என்று அவனோடேயே அனுப்பிவிட்டார்கள்.

ஐயோ, என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்.

20.2.2003
உலகம்மைக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.
"தப்பு எம்மேலதான். டீச்சர் கூட வந்திருந்தா தந்திருப்பாங்க" என்கிறாள்.
ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

23.2.2003
சொல்லிவிட்டேன். மூன்று இரவுதான் என்பதை, நான் மறைத்ததை, எல்லாம். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.
"மூணு ராத்திரி போதுமே டீச்சரே. அதையே கேட்டிருப்பேன். வீடுன்னு கேட்டதுக்குல்லா சிரிச்சானுவ."
படத்தில் அந்த வரியை வைத்த இளம் இயக்குநருக்கு இது தெரிந்திருக்கிறது.

9.3.2003
பின்வீடு காலி. கட்டுப்போட்ட கையோடு அவளை லிங்கம் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டானாம். எந்த ஊர் என்று சரசம்மாவுக்குத் தெரியவில்லை. நாலு வருடப் பழக்கம். நானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.