பச்சை அடித்த இடம்

மார்ச் 3, திங்கள்

இரண்டு வருட உழைப்பை இன்று அலுவலகக் கூடத்துச் சுவரில் மாட்டினோம். நகரத்தின் புதிய நிலப் பயன்பாட்டு வரைபடம். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்குச் சிவப்பு, பூங்காவுக்குப் பச்சை. ஆட்சேபணை இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். கூட்டம் முண்டியடிக்கும் என்று வரிசைக்குக் கயிறு கட்டச் சொன்னேன். நாள் முழுக்க வந்தவர் ஒரே ஒருவர். வெகுநேரம் உற்றுப் பார்த்தார். நகரமைப்பு அலுவலர் என்ற தோரணையோடு பக்கத்தில் போய் நின்றேன். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

மார்ச் 5, புதன்

கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

முதல் ஆட்சேபணை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் அம்மாள். வரைபடத்தில் என் செல்லப் பிள்ளையான பெரிய பூங்காவின் நட்டநடுவில் விரலை வைத்து, "இந்தப் பச்சைக்குள்ளதான் சார் நான் குடியிருக்கேன்" என்றார்.

செயற்கைக்கோள் படத்தை எடுத்துக் காட்டி, அங்கே வெறும் மரங்கள்தான் இருக்கின்றன என்று பொறுமையாக விளக்கினேன். அவர் வீடு எங்கே இருக்கிறது என்று அவருக்கே விளக்கிய மேதை நான்.

"மேலேர்ந்து பாத்தா மரந்தான் சார் தெரியும். வெயில் தாங்காம நாங்க நட்டது. அதுக்குக் கீழ நாங்க இருக்கோம்."

அவர் போனதும் கோப்பை எடுத்தேன். 'கள ஆய்வு செய்யப்பட்டது. கட்டடங்கள் ஏதும் இல்லை.' கீழே என் கையெழுத்து. நல்ல அழகான கையெழுத்து.

மார்ச் 12, புதன்

கள ஆய்வுக்குப் போன அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழை. சந்து முழுக்கச் சாக்கடைத் தண்ணீர். காலில் புது ஷூ. தெருமுனையில் நின்று எட்டிப் பார்த்தேன், மரம் தெரிந்தது, ஜீப்பில் ஏறிவிட்டேன். வரும் வழியில் ஓட்டுநரிடம் இயற்கையைப் பற்றி வேறு பேசினேன்.

மனைவியிடம் சொன்னேன். ஆச்சரியப்படக்கூட இல்லை. "நம்ம வீட்டுல சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு தெரியாது. ஊருக்கு இடம் ஒதுக்குறீங்க."

மார்ச் 15, சனி

போனேன். கையில் நானே போட்ட வரைபடம். அதை வைத்துக்கொண்டே தொலைந்துபோனேன். மூன்று முறை ஒரே தண்ணீர்க் குழாயடிக்கு வந்து சேர்ந்ததும், இஸ்திரிக்கார அம்மாளே வந்து அழைத்துப் போனார். நாற்பத்து மூன்று வீடுகள். ஒரு தையல் கடை. மிக்சி பழுது பார்க்கும் கொட்டகை. எல்லாம் என் பச்சைக்கு அடியில், கட்டிப் பிடித்தால் கை எட்டாத மரங்களின் நிழலில்.

இதற்கு முன்னால் வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். "வந்திருக்கேனே" என்றேன், வாய் கூசாமல்.

"எந்த வழியா வந்தீங்க?"

"மெயின் ரோடு வழியா."

அந்த இடத்துக்கு ஒரே வழிதான் உண்டு. வாய்க்கால் மேல் போட்ட கல்பலகை. அவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மார்ச் 18, செவ்வாய்

மேலதிகாரியிடம் சொன்னேன். கோபமே படவில்லை, என் மகள் பரீட்சை எப்படி எழுதியிருக்கிறாள் என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: "அந்த வீடெல்லாம் நீங்க பாத்துட்டு வந்தப்புறம் முளைச்சதுன்னு எழுதிடுங்க. உங்களுக்கும் தொல்லை இல்ல, எனக்கும் இல்ல."

அப்படி எழுதினால் நாற்பத்து மூன்று வீடும் ஆக்கிரமிப்பு. நோட்டீஸ் போகும். அப்புறம் புல்டோசர்.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சரி சார் என்றுதான் சொன்னேன்.

மார்ச் 20, வியாழன்

எழுதிவிட்டேன். 'ஆய்வுக்குப் பின்னர் மேற்படி இடத்தில் அனுமதியின்றி எழுப்பப்பட்ட கட்டடங்கள்.' ஒரு பிழை இல்லை. அழகுக்காகவே இன்னொரு முறை படித்தேன் — என்ன ஜென்மம் நான்?

தட்டச்சு செய்தவர் எதிர் மேசை வரைவாளர் அம்மாள். பன்னிரண்டு வருடமாக என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவர். தாளை நீட்டும்போது மெதுவாகக் கேட்டார்: "சார், அந்த மரங்களையும் அப்புறந்தான் நட்டாங்கன்னு எழுதணுமா? கட்டிப் பிடிச்சா கை எட்டாதுன்னு சொன்னீங்களே."

டீ குடிக்கப் போய்விட்டேன். இரண்டு டீ.

ஏப்ரல் 3, வியாழன்

ஆட்சேபணை விசாரணை. மூன்று பேர் கொண்ட குழு. பின்வரிசையில் இஸ்திரிக்கார அம்மாளும் அக்கம்பக்கத்தார் பத்துப் பேரும். எல்லார் உடுப்பிலும் மடிப்புக் கலையாத இஸ்திரி.

குழுத் தலைவர் கேட்டார்: "நீங்க ஆய்வுக்குப் போனப்ப அங்க வீடு இருந்துச்சா?"

கையில் நான் எழுதிய அந்தக் கடிதம். படித்துவிட்டு உட்கார வேண்டியதுதான். மனசாட்சி விழித்தது என்று எழுத ஆசை. அப்படியெல்லாம் இல்லை. நிமிர்ந்தேன்; அந்த அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை. வராத பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி.

"தெரியாது சார். நான் உள்ள போகவே இல்ல. தெருமுனையோட திரும்பிட்டேன்."

"ஏன்?"

"மழை சார். புது ஷூ."

யாரோ சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை உண்மை பேச எழுந்தவன், ஷூவை விட்டுவிட்டுப் பேசியிருக்கக் கூடாதா? அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் திட்டு விழும் என்று தயாராகப் போனேன். மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு, "பயமா இருந்துச்சா?" என்றாள்.

"இன்னும் இருக்கு."

"சரி, சாப்பிடுங்க."

ஏப்ரல் 4, வெள்ளி

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. மேலதிகாரியே எழுதியது. இரண்டு எழுத்துப் பிழை. அற்ப சந்தோஷம்.

ஜூன் 20, வெள்ளி

இறுதி வரைபடம் வெளிவந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மஞ்சள். பூங்கா பழைய லாரி நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டது; நான் போட்டதில் கால்வாசி. அதைப் பார்க்கையில் வலிக்கத்தான் செய்கிறது. இந்த ஊருக்கு ஒரு பெரிய பூங்கா வேண்டும் — அதில் நான் சொன்னது தப்பே இல்லை.

பதவி உயர்வு வேறு ஒருவருக்கு. எனக்குக் கள அளவைப் பிரிவு. தண்டனைக்குரியவர்களை அங்கேதான் தள்ளுவார்கள். பிரிவுபசாரத்தில் ஒரு குடை கொடுத்தார்கள். யார் யோசனை என்று சொல்ல மறுக்கிறார்கள்.

ஜூலை 16, புதன்

என் நாற்காலிக்கு வந்திருக்கும் புது அலுவலர் காலையில் போன் செய்தார். கிழக்கே பழைய செங்கல் சூளை நிலத்தைத் தொழிற்சாலைக்கு ஒதுக்கும் கோப்பு மேசைக்கு வந்திருக்கிறதாம். "காலி இடம்னு கள ஆய்வுல இருக்கு சார். அனுப்பிடலாமா?"

"யாரு பாத்து எழுதினது?"

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "நீங்கதான் சார்."

போனேனா, போகவில்லையா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கோப்பை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, மதியம் பஸ் பிடித்துப் போனேன். நான்கு எல்லையும் நடந்தேன். ஒரு வீடுகூட இல்லை. எழுதியது சரிதான் போலிருக்கிறது என்று நிமிர்ந்தால், நிலத்தின் நடுவில் ஒரு குளம். மண்ணெடுத்த பள்ளம் நிறைந்து, கொக்குகள் நிற்கிற குளம். கோப்பில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கரையில் நின்றே அவருக்குப் போன் செய்தேன். என் கையெழுத்திட்ட கள ஆய்வுகள் மொத்தம் எத்தனை என்று பார்க்கச் சொன்னேன். மாலையில் எண்ணிச் சொன்னார். நூற்றுப் பதினான்கு. வாரத்துக்கு ஒரு இடமாக நேரில் போய்ப் பார்த்தால்கூட, ஓய்வு பெறுவதற்குள் முடிந்துவிடும்.